அழகம்மா படித்த ஏழு வருஷம்

முருகன் துணை

மேல் டிவிசன்,
உடப்புசல்லாவை.
20.1.1953

அன்புள்ள நாகலெட்சுமி மதினிக்கு அழகம்மா எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, தம்பிகள் இருவர், நான் எல்லோரும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே மாமாவும் அத்தையும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். ஒரு வயது மூத்தவள் என்பதற்காக ‘மதினி’ போட்டிருக்கிறேன். இந்த வரியை அத்தையிடம் காட்டிவிடு. இல்லாவிட்டால் இலங்கைக்குப் போனதும் மரியாதை மறந்துவிட்டது என்பார்கள்.

பொங்கலன்று இங்கே மழை விடவே இல்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் அடுப்பு மூட்ட முடியவில்லை. நாங்கள் ஐந்து பேரும் இருக்கிற ஒற்றைக் காம்பராவுக்குள்ளேயே பொங்கினோம். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே ‘பொங்கலோ பொங்கல்’ சொன்னோம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எங்கள் வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

காரியத்துக்கு வருகிறேன். நான் திரும்பி வந்த நாளிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்வது உனக்குத் தெரியும். சம்பளம் கிடையாது. டீச்சர் என்ற பேர் மட்டும் உண்டு. போன வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் கூடிவிட்டார்கள், இரண்டாவது ஆசிரியர் கட்டாயம் வேண்டும், சர்டிபிகேட் உள்ளவராகப் பார்த்துப் போடுவோம் என்றார். உடனே எங்கள் வாத்தியார் என்னைக் கைகாட்டி, “இந்தப் புள்ள திருச்சியில டிரெயினிங் முடிச்சிருக்குங்க” என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மதராஸ் சர்டிபிகேட் இங்கே அப்படியே செல்லாதாம். கொழும்புக்கு அனுப்பி, இந்த நாட்டுச் சர்டிபிகேட்டுக்குச் சமம் என்று எழுதி வாங்க வேண்டுமாம். அது வந்துவிட்டால் வேலை எனக்குத்தான்.

நான் பரீட்சை எழுதிய கையோடு கப்பல் ஏறிவிட்டேன். சர்டிபிகேட் பிறகு உங்கள் வீட்டுக்குத்தானே தபாலில் வந்தது? அதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. எட்டாம் வகுப்புச் சர்டிபிகேட்டும் வேண்டும். நான் எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை அங்கே படித்தேன் என்று டிரெயினிங் பள்ளித் தலைமையாசிரியை அம்மாவிடம் ஒரு கடிதமும் வாங்கு.

அப்பா சில்லறைக் கங்காணியாக இருபது பேரை விரட்டி வேலை வாங்குகிறவர். இந்தச் செய்தியைக் கேட்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அம்மாவிடம், “எம் மக கூடை தூக்காமப் பொழைச்சிக்குவா” என்றார். அதற்காகத்தானே பத்து வயதில் என்னை உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

மாமா, அத்தை காலில் விழுந்து கும்பிட்டதாகச் சொல்லு. பதிலைச் சுருக்கி எழுதினால் கோபித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
அழகம்மா


சிவமயம்

முசிறி,
12.2.1953

என் அருமை அழகுவுக்கு உன் மதினி எழுதுவது. நாங்கள் மூவரும் நல்லபடி இருக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் முழங்கால் வலி. உங்கள் ஊர்க் குளிரை நினைத்தாலே அவருக்கு வலி கூடுகிறதாம்.

‘மதினி’ போட்டதை அம்மாவிடம் காட்டினேன். “ஒரு தரம் போட்டா ஆச்சா? நேர்ல வாடி போடி தானே” என்றார்கள். ஆகவே உன் பாடு இன்னும் கஷ்டம்தான்.

சர்டிபிகேட்டை அம்மா தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்கள். பிரிக்கும்போது ரசகற்பூர வாசனை அடித்தால் என்னைக் குறை சொல்லாதே. தலைமையாசிரியை அம்மாவைப் பார்க்கத் திருச்சிக்கே போனேன். உன் பேரைச் சொன்னதும், “அந்த வாய் ஓயாத சிலோன் பெண்ணா? இன்னும் அங்கே என்ன செய்கிறாள்?” என்று கேட்டார்கள். உடனே உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் இத்துடன் வருகிறது.

நான் போர்டு ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே படிப்பைப் படித்தோம். எனக்குச் சர்டிபிகேட் வந்ததும் வேலை கொடுத்துவிட்டார்கள். உனக்கு அதையே இன்னொரு நாடு சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இது என்ன கூத்து என்று எனக்குப் புரியவில்லை. நாலும் நாலும் அங்கேயும் எட்டுத்தானே?

இன்னொரு சேதி. கரூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். தபாலாபீசில் வேலை. கல்யாணம் ஆவணியில் இருக்கும். நீ வராமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் நமஸ்காரம். தம்பிகளுக்கு முத்தம்.

உன்
நாகலெட்சுமி


முருகன் துணை

உடப்புசல்லாவை,
15.3.1953

அன்புள்ள மதினிக்கு, எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை அறிந்து சந்தோஷம். மாமாவின் முழங்காலுக்கு அம்மா இங்கிருந்து ஒரு தைலம் அனுப்பப் பார்க்கிறார்கள்.

தபால்காரர் ரிஜிஸ்டர் கவரைக் கொண்டுவந்தபோது அப்பா ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்றார். ஆட்களை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் சர்டிபிகேட்டை மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்து, “இதுல எங்க ஓம் பேரு?” என்று கேட்டார். காட்டினேன். நேரே கொண்டுபோய் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, நான் தடுப்பதற்குள் நாலு மூலையிலும் சந்தனம் தடவிவிட்டார்! அம்மா போட்ட சத்தத்தில் லயமே திரண்டுவிட்டது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். கொழும்பில் இருக்கிறவர்களுக்கும் சாமி பக்தி இருந்தால் நல்லது.

கொழும்புக்கு அனுப்பும் பாரத்தை வாத்தியார் இங்கிலீஷில் நிரப்பினார். ஒவ்வொரு வருஷமும் எங்கே இருந்தேன், எங்கே படித்தேன் என்று கேட்டிருந்தது. 1942 முதல் 1949 வரை முசிறி, திருச்சி என்று எழுதினார். பதில் வர நாலைந்து மாதம் ஆகுமாம். அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்களாம்.

பிள்ளைகளுக்கு நான் ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்ட மாதிரிதான். ஒருத்தி தன் வீட்டிலிருந்து எனக்கு உட்கார ஒரு பலகைக்கட்டை தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சர் என்றால் நாற்காலி வேண்டுமாம்.

அப்பா போட்டிருக்கும் பிரஜாவுரிமை மனுவும் இப்போது மேலே வருகிறது என்கிறார்கள். விசாரணைக்கு ஆபீசர்கள் தோட்டம் தோட்டமாக வருகிறார்களாம். இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு நல்ல வருஷம்.

உன் கல்யாணத்துக்கு எப்படியாவது வருவேன். மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்று நீ எழுதவே இல்லை. மூக்கைப் பற்றியாவது எழுது.

இப்படிக்கு,
அழகம்மா


சிவமயம்

முசிறி,
10.6.1953

அன்புள்ள அழகுவுக்கு, எங்கள் எல்லோருக்கும் சுகந்தான். உங்களுக்கு என்ன என்றுதான் தெரியவில்லை. மார்ச்சுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை. நடுவில் நான் இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்குக்கூட நீ பதில் எழுதவில்லை என்றால் உனக்கு உடம்புதான் சரியில்லை என்று அம்மா சொல்கிறார்கள்.

கொழும்பிலிருந்து ஏதாவது வந்ததா? இல்லை என்று சொல்லிவிட்டார்களா? சொன்னால்தான் என்ன, நீ படித்தது இல்லாமல் போய்விடுமா? அதற்காக என்னிடம் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளாதே.

முகூர்த்தம் ஆவணி பத்து. அத்தை, மாமாவிடம் சொல். பத்திரிகை தனியாக வரும். உடனே பதில் போடு.

உன்
நாகலெட்சுமி


முருகன் துணை

உடப்புசல்லாவை,
5.7.1953

மதிப்புக்குரிய மச்சான் பழனியாண்டி அவர்களுக்குச் சிவசாமி வணக்கம் சொல்லி எழுத வைப்பது. தாங்களும் சம்சாரமும் மகள் நாகலெட்சுமியும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் சுகம்.

மச்சான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டோம். உடப்புசல்லாவை பஜாரில் கடை வைத்திருக்கும் நஸார் நானாதான் எங்கள் ஆட்களுக்கெல்லாம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் எல்லோரும் இந்த நாட்டிலேயே இருந்தார்களா என்று கேட்டார். இருந்தார்கள் என்று சொன்னேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. தாய்மாமன் வீட்டில் பிள்ளையை விடுவதை நாட்டை விட்டுப் போவதாக நான் நினைக்கவே இல்லை. அந்தக் காலத்தில் யார் அப்படி நினைத்தோம்?

தோட்டத்துப் பேர்ப் புத்தகத்திலும் அவள் பேரை நான் வெட்டவில்லை. வெட்டினால் திரும்பி வரும்போது சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயம். அரிசி கொடுக்கும்போதும் அவள் பேரைச் சொல்லியே வாங்கினேன். அதனால் தோட்டத்துக் கணக்கில் அவள் ஒரு நாளும் இங்கிருந்து போகவில்லை.

இப்போது நஸார் நானா சட்டத்தைப் படித்துச் சொல்கிறார். மனுப் போட்ட அன்று இருபத்தொரு வயது நிரம்பாத பிள்ளைகள் எல்லோரும் குழந்தையிலிருந்து இங்கேயே இருந்திருக்க வேண்டுமாம். ஒரு பிள்ளை வருஷக்கணக்கில் வெளியே இருந்திருந்தாலும் மனு முழுவதும் தள்ளுபடியாம். எனக்கும், உங்கள் தங்கைக்கும், பையன்களுக்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான். அப்புறம் எங்களுக்கு இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை. பெரிய பையன் ஹட்டனில் படிக்கிறான். அவன் படிப்பும் அதோடு சரி.

கொழும்புக்குப் போன அழகம்மாவின் பாரத்தில் ஏழு வருஷம் இந்தியாவில் இருந்ததாக எழுதியிருக்கிறது. அது யார் கையில் போய்ச் சேருமோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. டிரெயினிங் பள்ளிக்கு விசாரித்து ஏதாவது கடிதம் வந்தால் பதில் எழுத வேண்டாம் என்று தலைமையாசிரியை அம்மாவிடம் தயவுசெய்து சொல்ல வேண்டும். தங்களிடம் யாராவது கேட்டால், அழகம்மா பண்டிகைக்கு வந்துபோவாள், படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

அழகம்மாவுக்கு இதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை. அவளே சம்மதித்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு வர முடியாததற்கு மன்னிக்கவும். இப்போது போனால் திரும்பி வர விடமாட்டார்கள்.

இப்படிக்குத் தங்கள் மைத்துனன்,
சிவசாமி


சிவமயம்

முசிறி,
28.7.1953

அழகு, சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனம் இல்லை. மாமாவின் கடிதம் வந்தது. அப்பா வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். மாமா சொல்லச் சொல்ல நீதான் எழுதியிருக்கிறாய். ஏழு வருஷம் உன் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தவளுக்கு உன் எழுத்துத் தெரியாதா?

‘படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.’ இதை எப்படியடி எழுதினாய்? ‘அழகம்மாவுக்கு இதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை.’ இதையும் மாமா சொன்னாரா, அல்லது நீயாகச் சேர்த்துக்கொண்டாயா?

தலைமையாசிரியை அம்மாவிடம் சொல்ல அப்பா திருச்சிக்குப் போனார். பிந்திவிட்டது. கொழும்பிலிருந்து கடிதம் மே மாதமே வந்துவிட்டதாம். அவர்கள் அன்றே பதில் அனுப்பிவிட்டார்களாம். நீ எந்த வருஷம் சேர்ந்தாய், எத்தனை மார்க் எடுத்தாய், எப்படிப் பாடம் நடத்துவாய் என்று இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்களாம். “நல்லது செய்யறதா நெனைச்சேனே” என்றார்களாம்.

நீ இங்கே வந்துவிடு. நான் கல்யாணம் முடிந்து கரூருக்குப் போனால் என் இடம் காலியாகும். உன் சர்டிபிகேட் இங்கே செல்லும். யாருடைய சமமும் வேண்டாம். அப்பாவும் அம்மாவும் உன்னை மகள் மாதிரி வைத்துக்கொள்வார்கள். மாமாவிடம் நீ சொல்லமாட்டாய். நான் எழுதட்டுமா?

எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நாகலெட்சுமி


முருகன் துணை

உடப்புசல்லாவை,
20.10.1953

அன்புள்ள மதினிக்கு, நீயும் அண்ணனும் தம்பதியாகத் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். கல்யாணத்தன்று அம்மா இங்கே பாயசம் வைத்தார்கள். கல்யாணப் படத்தில் உன் முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. அழுதாயா? அண்ணனின் மூக்கு நீ எழுதிய அளவுக்கு மோசம் இல்லை.

நான் வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். அப்பாவுக்கு நீ எழுத வேண்டாம். வருவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும் மதினி. நாங்கள் கேட்கக்கூடியது இந்தியப் பாஸ்போர்ட்தான். நான் இந்தியாக்காரி என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டால், என் பேரும் சேர்ந்திருக்கிற அப்பாவின் மனு என்ன ஆகும்? இதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. விசாரணைக்காரர்கள் வந்து, இந்தப் பெண் டீச்சராக இருக்கிறாளே, எங்கே படித்தாள் என்று கேட்டால் வம்பு. அதனால் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போகிறேன். பழகாத கை என்பதால் முதலில் விரல் கொஞ்சம் வெடித்தது. இப்போது சரியாகிவிட்டது. என்னோடு வரும் காளியாயி அக்கா, நான் பறிப்பதைப் பார்த்து, “மாலை கட்டப் பூப் பறிக்கிறியா?” என்று கேலி செய்கிறாள். அவள் பக்கத்தில் நின்றால் பொழுது போவதே தெரியாது.

அப்பா முன்போல் சத்தம் போடுவதில்லை. நான் கூடையோடு அவர் நிற்கும் பக்கம் போனால், வேறு எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மழை பலமாக இருக்கிறது. உன் புது ஊர், புது வீடு எப்படி? மாமியார் எப்படி? எல்லாவற்றையும் எழுது.

இப்படிக்கு,
அழகம்மா


சிவமயம்

கரூர்,
8.1.1954

அன்புள்ள அழகுவுக்கு, நாங்கள் இருவரும் சுகம். மாமியார் நல்ல மாதிரி. காப்பியில் மட்டும் கஞ்சத்தனம்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். உன் விரல் வெடித்ததை இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டு, மூக்கைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் எழுதுகிறாய். உன் மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. என்னிடமும் மறைத்தால் வேறு யாரிடம் சொல்லப் போகிறாய்?

எனக்கு இங்கே பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முசிறிப் பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வேறு யாரையோ போட்டுவிட்டார்கள். கொழும்பிலிருந்து பதில் வந்ததா? விசாரணை எப்போது? எதுவானாலும் எழுது. வராவிட்டாலும் எழுது.

உன்
நாகலெட்சுமி


முருகன் துணை

உடப்புசல்லாவை,
4.4.1954

அன்புள்ள மதினிக்கு, இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். நீ கேட்டபடி எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஒரே மூச்சில் எழுதிவிட வேண்டும், நிறுத்தினால் எழுதமாட்டேன்.

போன மாதம் ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். வாத்தியார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தார். கையில் பழுப்புக் கவர். என்னைத் தனியாக அழைத்து, “வந்திருச்சும்மா” என்றார். என் சர்டிபிகேட்டை ஒத்துக்கொண்டுவிட்டார்கள் மதினி. இந்த நாட்டுச் சர்டிபிகேட்டுக்குச் சமம். நியமனத்துக்கு ஆட்சேபணை இல்லை. அசலும் பத்திரமாக உள்ளே இருந்தது. என் கை ஈரமாக இருந்ததால் வாத்தியாரே பிரித்துப் பிடித்துக்கொள்ள, நான் படித்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கமாட்டேன். விசாரணை, மனு ஒன்றும் ஞாபகமில்லை. சமம் என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான். பிறகுதான் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் நுவரெலியாவில் விசாரணை.

வாத்தியாரிடம், “அழகம்மான்னு யாரும் இப்ப இந்தப் பள்ளிக்கூடத்துல இல்லைன்னு எழுதிருங்க சார்” என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. “நல்லா யோசிச்சியாம்மா?” என்று கேட்டார். கூடையை நிறுக்க என் முறை வந்துவிட்டது.

விசாரணைக்குக் குடும்பத்தோடு போனோம். ஆபீசர் நல்ல மனிதர்தான். சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் திருத்தமாகப் பதில் சொன்னார். கடைசியில் ஆபீசர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். “மகள் எந்தப் பள்ளிக்கூடம்?” என்று தமிழில் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: “பொம்பளப் புள்ளைங்க. படிக்க வைக்கலைங்க.”

அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

பிறகு வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். காகிதம் என் முன்னால்தான் இருந்தது. எழுத்தைக் கண்டால் கண் தானாகப் படித்துவிடுகிறது மதினி. அதை நிறுத்த முடியவில்லை. ஆகையால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரிலும் எழுதியிருந்தது. கடைசியில் தரையைப் பார்த்தேன். “கையெழுத்துப் போடத் தெரியுமா?” என்று கேட்டார்கள். “தெரியாதுங்க” என்றேன். மைப்பெட்டியைத் தள்ளினார்கள். கைநாட்டு வைத்தேன்.

வெளியே வந்ததும் அப்பா வேட்டி முனையை எச்சில் தொட்டு என் விரலைத் துடைத்தார். சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டே இருந்தார். மை போகவில்லை. “விடுங்கப்பா, தானாப் போயிரும்” என்றேன். பஸ்ஸில் அவர் முன்னாலும் நாங்கள் பின்னாலும் உட்கார்ந்து வந்தோம். அவர் தோள் குலுங்கியது. ரோடு மோசம் என்று அம்மா தம்பியிடம் சொன்னார்கள்.

கேட்டாயே, என் மனசு எப்படி இருக்கிறது என்று. வலிக்கிறது மதினி. அப்பா மேல் கோபம் இல்லை. கோபப்பட ஆள் கிடைத்தாலாவது கொஞ்சம் ஆறும்.

இனிமேல் கடிதத்தைத் தம்பி பேருக்குப் போடு. தபால் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. படிக்கத் தெரியாதவளுக்கு யார் இவ்வளவு நீளமாக எழுதுகிறார்கள் என்று கேட்பார்கள்.

இப்படிக்கு,
அழகம்மா


சிவமயம்

கரூர்,
2.11.1954

அன்புள்ள அழகுவுக்கு, நாங்கள் நலம். எனக்கு ஐந்தாம் மாதம். வாந்தி நின்றிருக்கிறது, சாப்பாடு செல்கிறது. அத்தையிடம் சொல்.

உங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டதாக மாமா அப்பாவுக்கு எழுத வைத்திருக்கிறார். இந்த முறை எழுத்து உன்னுடையது இல்லை. தம்பி எழுதினான் போலிருக்கிறது. அப்பா அம்மா சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன். பட்டதும் முதலில் தோன்றியது உன் சர்டிபிகேட்தான்.

இனி என்ன பயம்? எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. கொழும்பில் ஒத்துக்கொண்ட கடிதமும் உன்னிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போ. அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா? கூடையை இறக்கி வை அழகு. எனக்காகவாவது.

குழந்தை பெண்ணாக இருந்தால் உன் பேர்தான். வாய் மட்டும் உன்னைப் போல வேண்டாம்.

உன்
நாகலெட்சுமி


முருகன் துணை

உடப்புசல்லாவை,
16.1.1955

அன்புள்ள மதினிக்கு, நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். பாரம் எதையும் தூக்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரிய தம்பிக்கு ஹட்டனில் மேற்கொண்டு படிக்க இடம் கிடைத்துவிட்டது. அவனிடம் பிரஜாவுரிமைப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தார்களாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

நீ எழுதியதை நஸார் நானாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பொய் சொல்லி வாங்கியது என்று என்றைக்குத் தெரிந்தாலும் பத்திரத்தைப் பறித்துக்கொள்ளலாமாம். என் ஒருத்திக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். அதற்குக் காலக் கெடு கிடையாதாம். “எழுதிக் குடுத்தது நான்தானே புள்ள, ஒங்க வாப்பாட்ட இன்னும் ரெண்டு வார்த்த விசாரிச்சிருக்கணும்” என்று அவரும் வருத்தப்பட்டார். ஆகவே அப்பா, அம்மா, தம்பிகள் இந்த நாட்டில் இருக்கும்வரை நான் படிக்கவில்லை. அவ்வளவுதான் மதினி. இனி நீயும் இதைப் பற்றி எழுதாதே.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டாவது டீச்சர் வந்துவிட்டாள். ராசம்மா என்று பேர், ஹட்டன் பக்கத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். நல்ல பெண். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருக்கிறது.

தொழிற்சங்கப் புத்தகத்தில் கைநாட்டு வைக்கிற பெண்களுக்காகப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். பெரட்டில் சங்கத் தலைவர் பேர்களை வாசித்தார். என் பேரும் இருந்தது. லயத்தில் தெரிந்தவர்கள் எங்கள் பத்திரத்துக்காக வாயைத் திறப்பதில்லை. காளியாயி அக்கா நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இந்தத் தோட்டத்துக்கு வந்தவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, “நீயும் வாடி, சும்மா கெடக்கறதுக்கு” என்று இழுத்தாள். அப்பா போக வேண்டாம் என்றார். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், அந்த அறையில் உட்கார எனக்கும் ஆசையாக இருந்தது. அதனால் போனேன்.

கரும்பலகை, பெஞ்சு எல்லாம் நான் விட்டுவந்தபடியே இருக்கின்றன. எங்களுக்கு ஆளுக்கொரு சிலேட்டுக் கொடுத்தார்கள். ராசம்மா டீச்சர் பலகையில் ‘அ’ போட்டுக் காட்டி, அதைப் பார்த்து எழுதச் சொன்னாள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். நேராக எழுதக் கூடாது என்று முன்பே நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கோணலாக எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கை அதன் வழியில் போகப் பார்க்கிறது. அழித்து அழித்து எழுதினேன்.

டீச்சர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் பின்னால் நின்று, குனிந்து, என் கையைத் தன் கையால் பிடித்து, மெதுவாக ஒரு ‘அ’ எழுத வைத்தாள். “பயப்படாதீங்க அக்கா, ஒங்களுக்குச் சீக்கிரம் வந்துரும்” என்றாள். நான், “சரிங்க டீச்சர்” என்றேன். நாளைக்கு ‘ஆ’ சொல்லித் தருகிறாளாம்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். பிள்ளை பிறந்ததும் எழுது.

இப்படிக்கு,
அழகம்மா